எனக்கென்று ஒரு மணி

முதலில் போனது தூக்கம். மகள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீடே உறங்கிக் கிடக்க, நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். களைப்பு என்பதே இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு பஞ்சு போல இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இதைப் படிக்கும் நீங்கள் புதிதாகப் பெற்றவளாக இருந்தால், அல்லது அப்படிப்பட்டவளைப் பார்த்துக்கொள்கிறவராக இருந்தால், அந்தச் சந்தோஷத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்து வந்தது சந்தேகம். தொட்டிலில் கிடப்பது என் பிள்ளைதானா? என் பிள்ளையின் காது இப்படியா இருந்தது? மாமி (கணவரின் தாய்) கொண்டுவந்த கஷாயத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டினேன். கூரை ஓலைக்குள் யாரோ என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இதற்குப் பிரசவச் சன்னி என்று பெயர் (பிள்ளை பெற்ற சில நாட்களில் தாயின் மனம் நிலைதவறிப் போகும் நோய், மருந்துக்குக் கட்டுப்படும்). எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. ஊருக்குத் தெரிந்த பெயர் சுருக்கமானது: எஸ்தருக்குப் பைத்தியம்.

நான் கொட்டாரத்தில் பிறந்தவள். கருங்கலுக்கு மேற்கே, இனயம் போகிற வழியில் ஒரு சிற்றூருக்கு வாழ்க்கைப்பட்டேன். கணவர் சத்தியநேசன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தவர்களாக இருந்தோம். ஊரில் பெரும்பாலும் ஓலை வீடுகள். நடுவில் எங்கள் சபையின் கோயில், அதன் பக்கத்தில் மணி.

அந்த மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆராதனைக்கு ஒரு மாதிரி அடிப்பார்கள். சாவுக்கு ஒற்றை ஒற்றையாக, நிறுத்தி நிறுத்தி. தீப்பிடித்தால் மூச்சு விடாமல் கூட்டி அடிப்பார்கள். கேட்டவர்கள் குடமும் பானையுமாக ஓடி வருவார்கள். ஊரில் எவருக்கும் இதில் சந்தேகம் வந்ததில்லை.

ஒருநாள் காலை நான் பிள்ளையோடு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். பிள்ளை பாலுக்கு அழுதது. அது அழுகிற குரல் என் பிள்ளையின் குரல் இல்லை என்பதால் நான் கொடுக்கவில்லை. கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்த என் கணவர், வேறு வழி தெரியாமல் கோயிலுக்கு ஓடித் தீ மணியை அடித்தார். பெண்கள் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். தீ இல்லை என்று தெரிந்தும் ஒருத்தி மட்டும் திரும்பிப் போகவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து, தான் பிள்ளை பெற்ற கதைகளை, செத்துப்போனதையும் பிழைத்ததையும், சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டுக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கதவைத் திறந்தேன்.

முதல் மணி என்னையும் என் மகளையும் காப்பாற்றியது. இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இவளுக்கு நன்றி கிடையாது என்று யாரும் சொல்லக்கூடாது.

மிஷன் ஆஸ்பத்திரியில் பாரால்டிஹைடு கொடுத்தார்கள் (தூக்க மருந்து, குடித்தவளின் மூச்சும் வியர்வையும் நாறும்). அங்கே இருந்த டாக்டரம்மா தினமும் என் கட்டிலில் உட்கார்ந்துதான் பேசுவார். வீடு திரும்பினேன், நோயும் திரும்பியது. பிறகு திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் மின்சாரச் சிகிச்சை செய்தார்கள் (நெற்றிப் பொட்டுகளில் மின்சாரம் செலுத்தி வலிப்பு வரவழைப்பது). அதில் சில ஞாபகங்கள் போயின. கூரையில் பேசிக்கொண்டிருந்தவர்களும் போனார்கள். என் மகளின் காது என் மகளின் காதாகத் தெரிந்தது. என் கணவர் வந்து கூட்டிப் போனபோது நான் தெளிந்தவள்.

ஆனால் நான் அங்கே இருந்த நாட்களில் ஊர் சும்மா இருக்கவில்லை. மணியைத் திருத்துவது என்று முடிவெடுத்திருந்தது. நான் வந்தபின் நடந்த சபைக் கூட்டத்தில் பெண்கள் பக்கத்துப் பாயில் நானும் உட்கார்ந்திருந்தேன். என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசினார்கள்.

"தீக்கும் இவளுக்கும் ஒரே மணி அடிச்சா எப்பிடி?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். "ஓலை எரியும்போ நாம இவளக் கட்டுற கயித்தத் தூக்கிட்டு ஓடணுமா? இவளுக்குன்னு தனியா ஒரு மணி வேணும்."

"ரெண்டு ரெண்டா அடிச்சா என்ன? ரெட்ட மணி."

"நம்ம ஊருக்கு மட்டும் கேட்டா போதாது. அடுத்த சபைக்காரன் கேட்டதும் அவனும் ரெட்ட மணி அடிக்கணும். அப்பிடியே கருங்கல் வரை போணும். சந்தையில வாடகைக்கு நிக்க பிளஷர் கார்க்காரன் கேட்டுட்டு நேர இஞ்ச வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவான்."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. போதகர், "கஷ்டப்படுகிற ஒரு ஆத்துமாவுக்காக இத்தனை சபைகள் ஒன்று சேர்வது எவ்வளவு பெரிய பாக்கியம்" என்று சொல்லி ஜெபித்தார். மணியை யார் அடிப்பது என்ற கேள்வி வந்தது. வீட்டுக்காரர்தான் அடிக்க வேண்டும் என்றார்கள். அவருக்குத்தானே முதலில் தெரியும்?

என் கணவர் எழுந்து, "இப்போ அவளுக்கு நல்லா இருக்கு" என்றார்.

"நல்லா இருக்கட்டும் சாரே. நாளைக்கு ஒண்ணு நடந்தா அது ஒம்ம தலையில. எங்க தலையில இல்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

மணி வேலை செய்தது. மிக நன்றாகவே வேலை செய்தது. இனயத்து மீன்காரி நாறிப்போன சாளையைத் தலையில் கட்டப் பார்த்தாள். நான் சத்தம் போட்டேன். மாமி, "ஏலே மக்கா, அவளுக்குத் தொடங்கியாச்சு, ஓடு" என்று மகனை விரட்டினார். இரட்டை மணி அடித்தது. ஆட்கள் கயிற்றோடு வந்தார்கள். கார் வந்தது. சாளை நாறியது உண்மை என்று மீன்காரியே ஒப்புக்கொண்டபின் காரைத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு நாள், அரிசிப் பானைக்குள் தலையை விட்ட கோழி பானையோடு முற்றத்தைச் சுற்றியதைப் பார்த்துச் சிரித்தேன். சிரிப்பு அடங்கவில்லை. அதற்கும் மணி.

அடுத்த ஊர்களிலிருந்தும் ஆள் வரத் தொடங்கியது. உதவிக்கு என்று வந்தார்கள். வேலியோரம் நின்று பார்த்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? பிள்ளைகள் எஸ்தர் விளையாட்டு விளையாடினார்கள். ஒருத்தி எஸ்தர், ஒருத்தன் மணி, மற்றவர்கள் கயிறு. எஸ்தராக இருக்கத்தான் போட்டி.

நான் குரலைக் குறைத்தேன். பிறகு இன்னும் குறைத்தேன். மகளுக்குத் தாலாட்டுக்கூட மூச்சால்தான் பாடினேன். கோபம் எல்லோருக்கும் வருவது. எனக்கு வந்தால் அது நோய். அழுகை எல்லோருக்கும் வருவது. எனக்கு வந்தால் அதுவும் நோய். நோயைவிட எனக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை. நான் சொல்வதை, நான் சொல்கிறேன் என்பதற்காக ஒருவராவது கேட்க வேண்டும் என்று ஏங்கினேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் என் கணவருக்கு ஆரம்பித்தது.

எனக்கு அது உடனே தெரிந்தது. தெரியாமல் இருக்குமா, நான் போய்வந்த வழி அல்லவா? அவர் தூங்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பார். வழியில் பார்ப்பவர்கள், "ஒம்ம பாடு கஷ்டந்தான் சாரே" என்பார்கள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நல்ல பொறுமை என்று ஊர் புகழ்ந்தது.

ஒரு சாயங்காலம் என்னிடம் கேட்டார்: "எஸ்தரு, ஒனக்கு அது வரும்போ எப்பிடி இருக்கும்?"

"தீ மாதிரி இருக்கும்."

"எனக்கு வெள்ளம் மாதிரி இருக்கு. பைய ஏறுது" என்றார்.

மாமியிடம் சொன்னேன். "மாமி, அவியளுக்குச் சொகமில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்."

"எனக்க மவனுக்கு ஒரு கொறையும் இல்ல. பைத்தியத்துக்கு ஊரெல்லாம் பைத்தியம்."

போதகரிடம் சொன்னேன். கனிவாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார். அவருக்காக அல்ல, எனக்காக. மறுபடி மாமியிடம் வந்தேன். இந்த முறை குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க பெத்த பிள்ளதானே, மொகத்தப் பாருங்க, கண்ணப் பாருங்க" என்று கத்தினேன். மாமி தன் மகனை மணியடிக்க அனுப்பினார். அவர் என்னைப் பார்த்தார். "நான் சொகமாத்தான் இருக்கேன் பிள்ளே" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு போய், கணவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்ன பெண்டாட்டிக்காக இரட்டை மணி அடித்தார்.

இது நடந்து சில நாட்களுக்குப் பின், நல்ல உச்சி வெயிலில் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். கஞ்சி வேண்டாம் என்றார். தூங்கிக்கொண்டிருந்த மகளைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வெளியே போனார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு வாசற்படி தெரியாது. நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

குளத்தங்கரையை நான் எட்டியபோது அவர் நடுவில் இருந்தார். தலை தெரிந்தது. கூப்பிட்டேன். திரும்பவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. அந்த நேரத்தில் குளத்தில் ஒருவரும் இல்லை. நான் கத்தினால் யாரும் வரமாட்டார்கள், கயிறு தேடத்தான் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். கோயிலுக்கு ஓடினேன்.

ஓடும்போதே யோசித்தேன். இரட்டை மணி அடித்தால் எனக்காக வருவார்கள். தீ மணி அடித்தால் ஓடி வருவார்கள், எல்லோரும் வருவார்கள், எங்கே என்று கேட்பார்கள். என் வாழ்நாளில் அதைவிடத் தெளிவாக நான் யோசித்தது கிடையாது. கயிற்றைப் பிடித்து மூச்சு விடாமல் தீ மணி அடித்தேன்.

வந்தார்கள். குடங்களோடு, வாளிகளோடு. நாலு பக்கமும் புகையைத் தேடினார்கள். பிறகு கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்தார்கள்.

"எங்கட்டி தீ?"

"தீ இல்ல. குளத்துல. அவிய குளத்துல. ஓடுங்க, ஓடுங்க."

"குளத்துலயா தீ?" என்றார் ஒருவர். யாரோ சிரித்தார்கள். "கேட்டியளா, குளம் எரியுதாம்."

"அவியளுக்கு, எனக்க வீட்டுக்காரருக்கு..." ஒருவரின் கையைப் பிடித்துக் குளத்துப் பக்கம் இழுத்தேன். அவர் உதறினார். விடாமல் இழுத்தேன். அதற்குமேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? இரண்டு பேர் என் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். கயிறு வந்தது. கைகளை முன்னால் சேர்த்து வைத்துக் கட்டினார்கள். வலிக்காமல்தான் கட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்ல மக்கா, ஒண்ணுமில்ல" என்று ஒரு பெண் என் தலையைத் தடவினாள். என் இடுப்பில் செருகியிருந்த அவருடைய கண்ணாடி உடைந்தது.

யாரோ இரட்டை மணி அடித்தார்கள். அடுத்த சபை அதை வாங்கிக்கொண்டது. அதற்கடுத்த சபையும் வாங்கிக்கொண்டது. மணிச் சத்தம் தென்னைகளுக்கு மேலே கருங்கலைப் பார்த்துப் போவதைக் கேட்டுக்கொண்டு நான் மண்ணில் கிடந்தேன். அன்றைக்குப் போல அந்த ஏற்பாடு என்றைக்கும் வேலை செய்ததில்லை. நான் கத்தி முடிப்பதற்குள் கார் வந்துவிட்டது.

"வாத்தியார எங்க காணல?" என்று ஒருவர் மட்டும் கேட்டார்.

"பாவம் மனுஷன், வெக்கப்பட்டு எங்கயாவது மாறி நிப்பாரு."

காரில் என் இரு பக்கமும் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். கார் குளத்தங்கரை வழியாகத்தான் போனது. அவர் தலை தெரிந்த இடத்தில் தண்ணீர் மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா முதலில் கட்டை அவிழ்க்கச் சொன்னார். பிறகு என் எதிரே உட்கார்ந்தார். "என்ன சொல்ல வந்தீங்க எஸ்தர்? பொறுமையாச் சொல்லுங்க, நான் கேக்கறேன்."

"அவிய குளத்துல."

அவர் கமிட்டிக்காரர்களிடம் திரும்பினார். "வாத்தியார் எங்கே?"

வந்த காரிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பினார். போய்ப் பார்த்தபோது, எருமை குளிப்பாட்ட வந்த யாரோ அவரைக் கரையில் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

செய்தியை டாக்டரம்மாதான் வந்து சொன்னார். நான் அழவில்லை. "நான் சொன்னது சரிதானா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க சொன்னது எல்லாமே சரி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாளாகக் காத்திருந்தேன். அது வந்துவிட்டது. வந்தபின், என்னத்துக்கு என்று இருந்தது. ஊர் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. அது நோய் இல்லை என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார்.

அடக்கத்துக்கு என்னைக் கொண்டுபோகவில்லை. தானாக உயிரை விட்டவர்களுக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அதனால் கமிட்டி கூடி, வாத்தியார் கால் வழுக்கி விழுந்தார் என்று தீர்மானித்து, நல்லபடியாக அடக்கம் செய்தது. பிறகு மாமியும் ஒரு கமிட்டிக்காரரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மாமி ஒரே மாதத்தில் கிழவியாகிவிட்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அவன் கால் வழுக்கித்தான் விழுந்தான் மக்கா" என்றார். "நீயும் வேற ஒண்ணும் பறையாத. பறஞ்சா அவனத் தோண்டி வெளிய போடுவாவ. ஒனக்க பிள்ளைய நீ வந்து எடுத்துட்டுப் போ."

நான் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்திருந்த கமிட்டிக்காரர், "நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்றார். உண்மையைக் கத்திச் சொன்னபோது பைத்தியம். பொய்க்கு வாயை மூடிக்கொண்டபோது சுகம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் வாயை மூட இருந்தது.

என் அண்ணன் வந்து என்னையும் மகளையும் கொட்டாரத்துக்குக் கூட்டிவந்தார். நோய் பிறகு வரவில்லை. மாமியும் இறந்துவிட்டார். நாங்கள் இருக்கிற மண்ணே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இன்னொரு ராஜ்யத்துக்கு மாறுகிற நேரம் இது. கல்லறையை இனிமேல் யாரும் தோண்டமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்: என் கணவர் கால் வழுக்கி விழவில்லை. அவருக்கு நோய் இருந்தது. சத்தம் போடாத நோய். அவர் கையில் கயிற்றைக் கொடுத்தார்களே தவிர, அவருக்கென்று அடிக்க ஒரு மணியை யாரும் யோசிக்கவில்லை.

போன மாதம் மேற்கேயிருந்து ஒரு சபைக்காரர் வந்தார். மணி ஏற்பாட்டை இன்னும் பல ஊர்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றனவாம். மேலும் விரிவாக்கித் திருத்தப் போகிறார்களாம். அனுபவப்பட்டவள் என்பதால் என் யோசனை வேண்டுமாம். சொன்னேன்: "நோயாளிய மட்டும் பாக்காதீங்க, பக்கத்துல நிக்கவரயும் பாருங்க. மணிய யாரும் அடிக்கலாம்னு வையுங்க, நோயாளியும் அடிக்கலாம். ஓடி வாறவங்க கயித்த வீட்டுல வச்சுட்டு வரட்டும். அடிச்சவகிட்ட உக்காந்து என்னன்னு கேக்கட்டும்."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "எல்லாம் சரிதான், கயிறு இல்லாம எப்பிடிப் பிள்ளே?" என்றார்.

இப்போது என் உடம்பு என் பேச்சைக் கேட்கிறது. தூங்குகிறேன், பசிக்கிறது, கோழியைப் பார்த்துச் சிரிக்கிறேன். பொழுது மட்டும் பழையபடி போவதில்லை. எந்த வேலையின் நடுவிலும் ஒரு உச்சிவெயில் வந்து நின்றுவிடும். அவர் தலை தண்ணீருக்கு மேல் தெரியும். இன்னும் நேரம் இருக்கும்.

மணி கேட்டால் இன்னொன்றும் நடக்கிறது. இங்கே கொட்டாரத்திலும் ஞாயிறுதோறும் அடிக்கிறார்கள். முதல் அடி விழுந்ததும் என் இரண்டு கைகளும் நான் சொல்லாமலே முன்னால் வந்து, மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்ந்து, கட்டுக்குக் காத்து நிற்கின்றன. எஸ்தர் எவ்வளவு பக்தியானவள் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள்.